பௌலிங் கிரீனிலிருந்து அப்பாவுக்கு

பௌலிங் கிரீன், கென்டக்கி
16 பிப்ரவரி 2020

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வம் எழுதிக்கொள்வது. நலம். உங்கள் நலமும் அம்மா, ஆயா, கவிதா, மாப்பிள்ளை, குட்டி எல்லோர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் நான் சொல்வது பாதிதான் காதில் விழுகிறது, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இனி நானும் பேப்பரிலேயே எழுதுகிறேன். தீபாவளிக்கு அப்புறம் ஒழுங்காகப் பேசவே இல்லை என்று அம்மாவுக்குக் கோபம் இருக்கும். இங்கே எனக்கு இரவு ஷிப்டு. நீங்கள் விழித்திருக்கும் நேரமெல்லாம் நான் கிடங்கில் இருக்கிறேன் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கடிதத்தோடு வைத்திருந்த, புது கார்வெட் பற்றிய பேப்பர் துண்டைப் பார்த்தேன். ஆமாம், இந்த ஊர்க் கார்தான். செவர்லே கம்பெனியின் இந்த ஸ்போர்ட்ஸ் காரை 1981லிருந்து இங்கேதான் செய்கிறார்கள். புது மாடல் இந்த மாதம் 3ஆம் தேதிதான் லைனில் ஏறியது. போன வருஷமே வந்திருக்க வேண்டியது. செப்டம்பரில் ஸ்டிரைக் ஆரம்பித்து 40 நாள் நடந்ததில் தள்ளிப்போயிற்று. எங்கள் கிடங்கிலும் அப்போது வேலை கொஞ்சம் குறைந்தது. இப்போது பரவாயில்லை. ஓவர்டைம் இல்லாததால் நல்ல ஓய்வு கிடைக்கிறது.

எஞ்சினை எதற்குப் பின்னால் கொண்டுபோனார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர் ஆட்டோவுக்கும் டிரைவருக்குப் பின்னால்தானே எஞ்சின், அதே கதைதான். சீட்டுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் 6.2 லிட்டர் வி8 உட்கார்ந்திருக்கிறது. முந்தைய மாடலில் இசட்ஆர்1 என்று ஒன்று, 755 குதிரைத்திறன். எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கு மேல் சக்தி கொடுத்தால் பின் டயர் சும்மா சுற்றும். பாரம் பின்னால் வந்தால் டயர் ரோட்டைக் கவ்வும். லோடு இல்லாத லாரி மழையில் படும் பாட்டைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, கோடையிலும் ரப்பர் பூட்ஸோடு திரிவாரே, அவரிடம் 2002 மாடல் சிவப்புக் கார்வெட் இருக்கிறது. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள், பட்டால் அடிப்பாகம் அரித்துவிடும் என்று நவம்பரிலேயே ஷெட்டில் ஏற்றிப் போர்வை போர்த்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நானும் போய் நிற்பேன். அதில் எஞ்சின் முன்னால், கியர் பாக்ஸ் மட்டும் பின் ஆக்ஸிலோடு இருக்கிறது, நடுவே ஒரு குழாய்க்குள் ஷாஃப்ட். நீங்கள் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவீர்கள்.

புது வண்டியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். நீண்ட மூக்கு போய்விட்டதாம். பக்கவாட்டில் பார்த்தால் ஃபெராரி, பின்னால் பார்த்தால் அதே கம்பெனியின் கமாரோ, கார்வெட் எங்கேடா என்கிறார். ஸ்டியரிங் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருப்பது அவருக்கு ஆகவில்லை. ஏசி பட்டன்களை டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் நீளமாக வரிசை கட்டி வைத்திருப்பதைச் சொல்லி, புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கத்தான் இது என்கிறார். அவருக்கு மனைவி இல்லை என்பது வேறு விஷயம். பின்பக்கத்தில் கோடும் மடிப்பும் அதிகம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் பங்கில் ஒரு சோதனை வண்டி நின்றது. எஞ்சினுக்கு மேலே கண்ணாடி, எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்கினால் விளக்கு, ஓட்டை, வளைவு என்று எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

ஆனால் மூக்கு போனதால் இது கார்வெட்டே இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் என்று ஒரு எஞ்சினியர், இந்த வண்டியை ஆளாக்கியவரே அவர்தான். 1960லேயே எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு சோதனை வண்டி செய்து காட்டியவர். கார்வெட்டையும் அப்படிச் செய்யுங்கள் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கம்பெனி அசையவில்லை. 1996ல் இறந்துபோனார். அவர் அஸ்தி இங்கே கார்வெட் மியூசியத்தில்தான் இருக்கிறது. அவர் ஆசைப்பட்டதை இப்போதாவது செய்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (அதே மியூசியத்தில் 2014ல் தரை உள்வாங்கி எட்டு கார் குழிக்குள் போயிற்று. இந்த ஊருக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் குகையும்தான். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.)

கூட வேலை செய்யும் பையன்களைக் கேட்டால் பேச்சே வேறு. இந்த விலைக்கு இந்த வேகமா என்று வாயைப் பிளக்கிறார்கள். 59,995 டாலரில் ஆரம்பம், நம் காசில் 42 லட்சத்துக்கு மேல். வேகத்துக்கென்று தனியாக விற்கும் இசட்51 பாக்கேஜோடு வாங்கினால் நின்ற இடத்திலிருந்து 3 நொடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகம். இதே வேலையைச் செய்யும் ஃபெராரிக்கு நாலு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். முதல் வண்டியைப் போன மாதம் தர்ம காரியத்துக்காக ஏலம் விட்டார்கள், 30 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதைப் பற்றி ஒரு ஷிப்டு முழுக்கப் பேசினோம்.

எனக்கும் ஒரு குறை உண்டு, கியர். கிளட்சே கிடையாது. எட்டு கியரும் தானாக மாறும், இல்லையென்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் லீவரை விரலால் தட்ட வேண்டும். கையால் போடுவதைவிட அது வேகம், கைக் கியர் கேட்டு வாங்குகிறவர்களும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள், எல்லாம் சரிதான். ஆனால் பெரியவர் போன வாரம் என்னைத் தன் வண்டியில் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போடச் சொன்னார். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது டக்கென்று ஒரு சத்தம். எனக்கு நம் பட்டறை வாசனை வந்துவிட்டது அப்பா. டீசல், கிரீஸ், உங்கள் பீடி. ஸ்க்ரூ டிரைவர் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, "ரெண்டாம் நம்பர் வால்வுடா" என்பீர்கள். திருச்செங்கோட்டிலிருந்தெல்லாம் வண்டியைக் கொண்டுவந்து காட்டுவார்களே. அந்தக் காதுக்கா கேட்கவில்லை? உடனே இறங்கி வந்துவிட்டேன். பெரியவர் வண்டி பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

அது கிடக்கட்டும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பருப்பு இருக்கிறது, வாரத்தில் பாதி நாள் அரிசியும் பருப்பும் சாதம்தான், நெய்தான் நம் ராசிபுரத்து நெய் ஆகாது. பொங்கலுக்கு நாஷ்வில் பிள்ளையார் கோயிலுக்குப் போகவில்லை, குளிர். என் காரையும் கொடுத்துவிட்டேன். பனியில் ஓட்டுவது ஆபத்து, வேலைக்கு ஒரு பையன் ஏற்றிக்கொண்டு போகிறான்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும். பேங்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். அதிலிருந்து முதலில் உங்கள் காது மிஷினுக்கு எடுத்து வையுங்கள், கவிதா நகையை அடுத்த மாதம் மீட்டுக்கொள்ளலாம். வட்டியை மட்டும் கட்டிவிடச் சொல்லுங்கள். சித்திரையில் வருவேனா என்று ஆயா கேட்கிறதாம். டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆவணி என்றால் வசதி.

பட்டறை இடத்தைப் பெரியப்பா மகன் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அது இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் இருக்கிறது. முதலில் சர்வேயரை வைத்து அளந்து தனிப் பட்டாவுக்கு மனுக் கொடுங்கள், வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அதுவரை யார் என்ன பேப்பர் நீட்டினாலும் கையெழுத்து வேண்டாம். தாலுகா ஆபீசுக்குப் போகும்போது மாப்பிள்ளையைக் கூட்டிப்போங்கள், அங்கே அவர்கள் மெதுவாகப் பேசினால் உங்களுக்குக் கேட்காது.

பெரியவருக்கு ஒரு பட்டறை போட்டோ வேண்டுமாம். லிப்டுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது ஒன்று பீரோவில், பத்திரத்துக்கு அடியில் இருக்கும். பதிலோடு அனுப்புங்கள். அசல் பத்திரத்தை அப்படியே கவிதா வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
செல்வம்