குன்னூர்க் கூட்டம்: கடல்நீர்க் குழாய்களில் உயிரிப்படிவு

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு வணக்கம். ஜூன் 14, ஞாயிறு காலை 10.30 மணிக்கு, சிம்ஸ் பூங்கா அருகே வழக்கமான இடத்தில், கடல்நீரால் குளிரும் வெப்பப் பரிமாற்றிகளில் (ஆலையின் சூட்டைக் குழாய்வழி நீருக்கு மாற்றும் கருவிகளில்) உயிரிப்படிவை, அதாவது சிப்பி போன்ற கடலுயிர்கள் ஒட்டி வளர்வதை, கட்டுப்படுத்துவது குறித்துப் பேசவிருக்கிறோம். மலைமேல் இப்பேச்சு எதற்கு என்று கேட்க வேண்டாம். நம்மில் பலர் கடலோர ஆலைகளில் பணியாற்றியவர்கள்.

1. இப்படிவைத் தடுக்கக் குளோரினை இடைவெளி விட்டுச் செலுத்தும்போது சிப்பிகள் வாயை இறுக மூடிக்கொண்டு தப்பிவிடுவதால், குறைந்த அளவில் தொடர்ந்து செலுத்துவதே மேல் என்பது என் கருத்து; எனினும் வெளியேறும் நீரில் எஞ்சும் குளோரின் கடலுயிர்களைப் பாதிக்கும் என்பதால், மாற்றுக் கருத்துடையோர் அவசியம் வரவும்.

2. குழாய்களுக்குள் ரப்பர் பஞ்சுப் பந்துகளைச் செலுத்திச் சுத்தம் செய்தவர்கள் படங்களைக் கொண்டுவரவும்.

3. வருகையை வெள்ளி இரவுக்குள் இங்கே தெரிவிக்கவும். உதகையிலிருந்து வருவோர் அதையும் குறிப்பிட்டால் ஒரே வண்டியில் வரலாம்.