சம்பந்தி வீடு கயானா

அன்புள்ள தம்பி,

கல்யாணத் தேதி முடிவானதிலிருந்து மதுரையிலிருந்து போன் ஓயவில்லை. பெண் வீட்டாருக்குப் பூர்வீகம் தென் அமெரிக்காவில் இருக்கிற கயானா. தாத்தா பெயர் 'சாமி' என்று முடிகிறது, மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள் என்று அப்பா சொன்னதுதான் தாமதம், "அப்ப நம்ம ஜனம்தான்" என்று உன் அத்தை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நீயும் இதையே பிடித்துக்கொண்டு பேசுவாய் என்று தோன்றுவதால்தான் இந்தக் கடிதம்.

அத்தை சொல்வது பொய்யில்லை. கரும்புத் தோட்டங்களில் அடிமை முறை முடிவுக்கு வந்த சமயத்தில், கல்கத்தாவிலிருந்து கிளம்பிய விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் 1838 மே 5 அன்று பிரிட்டிஷ் கயானா போய்ச் சேர்ந்தன. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். பெரும்பாலானவர்கள் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கம். மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுடைய வம்சத்தை இன்றும் அங்கே 'மதராசி' என்றுதான் சொல்கிறார்கள். 2015-இல் பிரதமரான மோசஸ் நாகமுத்துவும் அந்த வம்சம்தான்.

ஆனால் அவர்களிடம் போய், "நீங்கள் தமிழர்தானே" என்று உரிமை கொண்டாடாதே. நாம் அனுப்பிவைத்துவிட்டு மறந்துபோன ஜனம் அது. மொழி போச்சு, உறவு போச்சு. தப்படித்து அம்மனைக் கூப்பிடுவதை மட்டும் யார் தயவும் இல்லாமல் காப்பாற்றி, நியூயார்க் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். குவீன்ஸில் அவர்கள் பூஜைக்கு நான் போயிருக்கிறேன். தமிழ்ப் பாட்டுதான், உச்சரிப்பு வேறு. திருத்தப் போகாதே.

அவர்கள் நெஞ்சு நிமிர்வது கயானா என்ற பெயருக்கு. குவீன்ஸில் அவர்கள் நிறையப் பேர் இருக்கிற ரிச்மண்ட் ஹில்லில் லிபர்டி அவென்யூ பக்கம் மே மாதத்தில் ஒரு தடவை வந்து பார். 1966 மே 26 அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்த நாள். காருக்குக் கார் அந்தக் கொடி: பச்சை நடுவே தங்க நிற அம்புமுனை, அதற்குள் சிவப்பு முக்கோணம். கயானாவின் எஸ்ஸெக்கிபோ பகுதி தன்னுடையது என்று 2023 டிசம்பரில் பக்கத்து நாடான வெனிசுவேலா வாக்கெடுப்பு நடத்தியபோது உன் வருங்கால மாமனார் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அது, கோபம் வராதா? அங்கிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், யாரோ தன் வீட்டு வேலியைப் பிடுங்குகிற மாதிரிதான் பேசினார்.

இத்தனைக்கும் அந்த நாடு அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. 1964 கலவரத்தில் இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். இங்கே வந்தும் இவர்கள் ரிச்மண்ட் ஹில், அவர்கள் புரூக்ளின் என்று பெரும்பாலும் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அப்போது கயானாவை ஆண்ட பர்னமின் அரசு கோதுமை மாவு இறக்குமதியையே தடை செய்தது. சுரினாமிலிருந்து ஆறு தாண்டிக் கள்ளத்தனமாக வந்த மாவில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரொட்டி சுட்டதை அந்த வீட்டு ஆஜி எனக்குச் சொன்னார். பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொல்லும்போதே கல்லிலிருந்து எடுத்த ரொட்டியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே படபடவென்று தட்டுகிறார். அடுக்கடுக்காகப் பிரிந்துவிடுகிறது. எனக்கு இன்னும் அந்தக் கை வரவில்லை, வெந்ததுதான் மிச்சம். பர்னமைத் திட்டி முடித்த அதே வாயால், கயானா மாதிரி ஊர் உண்டா என்றும் கேட்டார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிகிறது. எனக்கு அந்தப் பெருமை பிடித்திருக்கிறது.

அதனால் பத்திரிகையில் 'தமிழ் வம்சாவளி' என்றெல்லாம் போட வேண்டாம். பெண்ணின் தாத்தா பாட்டி பெயருக்குப் பக்கத்தில் பெர்பீஸ், கயானா என்று போடு, போதும். நாளைக்குக் குழந்தை பிறந்தால் கயானா கிரிக்கெட் வீரர்கள் கனெய், சந்தர்பால், கிளைவ் லாயிட் கதையெல்லாம் அவர்கள் சொல்லட்டும். நம் கதையை நாம் சொல்லிக்கொள்வோம், அவசரமில்லை.

அப்புறம் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை விருந்து அவர்கள் முறைப்படி ஏழு கறி. பூசணி, மாங்காய், கீரை எல்லாம் உண்டு, பரிமாறுவது அல்லி இலையில். நம் பக்கம் அறுபது பேர் வரலாம். அவள் அப்பாவைக் கூப்பிட்டு, இலை எங்கே சொல்லி வைத்திருக்கிறார், நம் பங்குக்கு எவ்வளவு தர வேண்டும் என்று இந்த வாரமே கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா