அலங்காரப் பொருள் (உலோகம்) – 1

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் புதிதாக எழும் அலுவலகக் கட்டடங்கள் தங்கள் லாபியில் நவீன ஓவியங்களும் சிற்பங்களும் வைப்பதைப் பாராட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சந்தோஷம். வைத்த பிறகு அவற்றின் கதி என்ன என்பது பற்றித்தான் ஒரு வரியும் இல்லை.

அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் 26 வருடம் கணக்கு எழுதியவன் நான். கீழே லாபியில், லிஃப்டுக்கு எதிரே, ஆளுயரச் செம்புச் சிற்பம் ஒன்று நின்றது. தகட்டை வெட்டிப் பற்றவைத்து, நடுநடுவே நீல எனாமல் பொட்டுகள். சென்னையை ஒட்டிய சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்து வேலை மாதிரி இருக்கும். யார் செய்தது என்று எங்கேயும் எழுதவில்லை. பீடத்தருகே குனிந்து பார்த்தால் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் ‘78’ என்ற எண்ணும் தெரியும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வாட்ச்மேன் அதன் தோளில் குடையை மாட்டுவார். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்துச் சாமந்தி மாலையும் போடுவார். அம்மன் என்று நினைத்தாரோ, மெஷின் என்று நினைத்தாரோ! அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கட்டடத்தில் அதைத் துடைத்து வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் லாபியைப் புதுப்பித்தார்கள். இத்தாலிய மார்பிள், சுவர் முழுக்க எல்இடி திரை. சிற்பம் ஜெனரேட்டர் அறைப் பக்கம் போனது. ஒருநாள் அங்கேயும் காணோம். விசாரித்தால், உடைந்த நாற்காலிகளோடு காயலான் கடைக்கு எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். சொத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். ‘அலங்காரப் பொருள் (உலோகம்) – 1’ என்று இருந்தது. தேய்மானம் போக மதிப்பு 1 ரூபாய். அந்த வரியை வருடாவருடம் சரிபார்த்து டிக் போட்டது நான்தான்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். ஏர் இந்தியா 1950களிலிருந்து வாங்கிச் சேர்த்த கலைப் படைப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த நிறுவனத்துக்காக ஜதின் தாஸ் வரைந்த ஓவியம் 2017இல் வெளியே விலைக்கு வந்தது. இது அசல்தானா என்று அவரிடமே கேட்கப்போய்தான் அது நிறுவனத்திலிருந்து காணாமல் போன விஷயம் அம்பலமானது. ஓவியர் உயிரோடு இருந்தார், பெயரும் தெரிந்திருந்தது. எங்கள் செம்புச் சிற்பத்துக்கு யார் இருக்கிறார்கள்?

நியூயார்க்கின் பான் ஆம் கட்டட லாபியில் 1963இல் ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் ‘மன்ஹாட்டன்’ என்று சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் ஒரு பெரிய சுவரோவியம் அமைத்தார். 2000வாக்கில், புதுப்பிக்கிறோம் என்று அதையும் கழற்றினார்கள். பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் கடைசியில் குப்பைக்கே போனது. ஆனால் எந்த நிறம், என்ன அளவு என்று ஆல்பர்ஸ் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து 2019இல் அதே இடத்தில் மறுபடி செய்து மாட்டிவிட்டார்கள்.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டியபோது அதன் நிறுவனரான அணு விஞ்ஞானி ஹோமி பாபா நேருவிடம் சொல்லி, கட்டடச் செலவில் 1 சதவீதத்தைக் கலைக்கென்றே ஒதுக்கினார். நம் கட்டடக்காரர்களிடம் நான் சதவீதமெல்லாம் கேட்கவில்லை. சிற்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: கலைஞர் பெயர், வருடம், எதில் செய்தது, தமிழிலும். அதே மூன்றும் பதிவேட்டில், ஒரு போட்டோவோடு. சரி, இதற்கு என்ன செலவாகும்? வாசலில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் செடியின் விலைகூட ஆகாது.

எங்கள் சிற்பத்தின் படம் என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஒரு பிரிவுபசார விழா குரூப் போட்டோ. மேனேஜர் தலைக்குப் பின்னால் பாதி தெரிகிறது. 1978இல் அண்ணா சாலைக் கட்டடம் ஒன்றுக்குச் செம்பில் அப்படியொரு சிற்பம் செய்துகொடுத்தவரை உங்கள் வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கம் பெயரையாவது எழுதி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை