அன்னதானக் கூட விளக்குத் திருப்பணி: நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அன்னதானக் கூடத்தின் பால்ஸ் சீலிங்கில் பதித்திருந்த 24 டவுன்லைட்டுகளுக்கும் புதிதாக வயரிங் செய்யும் பணி நிறைவடைந்து, கூடம் மீண்டும் பந்திக்குத் திறக்கப்பட்டுள்ளது. பத்து நாளில் முடியும் என்று பொதுக்குழுவில் சொல்லியிருந்தோம், பத்தொன்பது நாளாயிற்று. தாமதத்துக்கும் கூடுதல் செலவுக்கும் உரிய காரணத்தை உறுப்பினர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பந்தியில் பரிமாறும் அம்மா ஒருவர்தாம், வடக்கு வரிசையின் நான்காவது விளக்கைச் சுற்றி ஜிப்சம் போர்டில் பழுப்பு வளையம் விழுந்திருப்பதை முதலில் கவனித்துச் சொன்னார். விளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் டிரைவர் (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி) எலி சேர்த்து வைத்திருந்த தேங்காய் நாருக்கும் காகிதக் கிழிசலுக்கும் நடுவே கிடந்தது. கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் டேப் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி வயரைக் கடித்ததில் செம்பு வெளியே தெரிந்தது. எல்.இ.டி. விளக்கு சூடாகாதே என்று உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். வெளிச்சம் கீழே வந்தாலும் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேறுகிறது. 230 வோல்ட்டை விளக்குக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் டிரைவரும் தன் பங்குக்குச் சூடாகிறது. காற்றுப் புக வழியில்லாமல் நாருக்குள் புதைந்தால் இரண்டுக்கும் ஆயுள் குறையும். வயரின் பிவிசி உறையோ 70 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

நமது கூடம் மெட்ராஸ் டெரஸ் கட்டடம். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரைக்குக் கீழேதான் பிற்காலத்தில் ஜிப்சம் போர்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரு சட்டங்களுக்கு இடையே போர்டுக்கு மேல் ஒரு சாண் உயர இடைவெளி உண்டு. சட்டத்துக்கு நேர் கீழே இரண்டு விரற்கடைதான். மேலே ஏறிப் பார்க்க வழி எதுவும் விடப்படவில்லை. ஆகவே வேலை முழுவதையும் விளக்குக்கென வெட்டிய ஆறு அங்குல ஓட்டை வழியாகவே, கைப்பேசியை உள்ளே விட்டுப் படம் எடுத்துப் பார்த்து, முழங்கை வரை கையை நுழைத்துச் செய்ய வேண்டியிருந்தது. சீலிங்கை அறுத்தால் பட்டி, பெயின்ட் செலவு கூடும் என்று முதலில் தயங்கினோம். ஒன்பதாம் நாள்தான் இரண்டு இடங்களில் அறுத்துச் சிறு கதவு வைத்தோம். அதை முதல் நாளே செய்திருந்தால் சில நாட்கள் மிச்சமாகியிருக்கும் என்பதைக் குழு ஒப்புக்கொள்கிறது.

மெயினை அணைத்த பிறகும் தெற்கு வரிசையில் டெஸ்டர் எரிந்தது. அந்த வரிசைக்கு இன்வர்ட்டரிலிருந்து தனி லைன் வந்திருந்தது போர்டில் எங்கும் எழுதப்படவில்லை. அன்று முதல் மெயின், இன்வர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைப்பது என்று எலக்ட்ரீஷியன் உறுதியாக இருந்தார்.

ஒவ்வொரு வரிசைக்கும் பைப்பில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயரும் எர்த்தும் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்தினோம். வடக்கு வரிசை சுவிட்சைப் போட்ட கணமே அது விழுந்தது. வயர் எங்கோ கூரையில் உரசுகிறது என்று எண்ணி ஒன்றரை நாள் தேடினோம். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் விழுவதுதான் அந்தக் கருவியின் வேலை. போர்டுக்குப் பின்னால் வடக்கு வரிசையின் நியூட்ரலை இன்வர்ட்டர் லைனின் நியூட்ரலோடு யாரோ முன்பு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். நாம் போட்ட புது வயரும் போர்டில் அந்தப் பழைய முறுக்கிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. போன மின்னோட்டம் வேறு வழியாகத் திரும்பியிருக்கிறது. இரண்டையும் பிரித்தபின் கருவி விழாமல் நின்றது.

இணைப்புகள் யாவும் இப்போது ஜங்ஷன் பாக்ஸுக்குள் கனெக்டர் வைத்தே செய்யப்பட்டுள்ளன. விளக்கைக் கீழே இழுத்தால் பாக்ஸ் கைக்கு எட்டும். டிரைவர்கள் நார், தூசி நீக்கிய இடத்தில், சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வைக்கப்பட்டுள்ளன. சட்டத்துக்கு நேர் கீழே வந்த மூன்று விளக்குகளை மட்டும் அப்படி வைக்க இயலவில்லை. அங்கே ஓட்டையை அடைத்து, சீலிங்கின் வெளிப்புறமே பொருத்தும் பேனல் விளக்குப் போட்டோம். வரிசையில் அவை தனித்துத் தெரிகின்றன என்ற குறை சொல்லப்பட்டது. அழுத்திச் சொருகிப் பழைய நிலைக்கே போவதைவிட அது மேல் என்று முடிவெடுத்தோம்.

டிரைவர்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (வயரின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்ததில், எல்லா வரிசைகளும் இருக்க வேண்டிய 1 மெகாஓமுக்கு மேலேயே காட்டின. ஆர்சிசிபி, ஜங்ஷன் பாக்ஸ்கள், இரண்டு கதவுகள் ஆகியவற்றால் மதிப்பீட்டுக்கு மேல் ரூ.14,200 செலவாயிற்று, வெளிச்சுவர் வெள்ளையடிப்புக்கு ஒதுக்கியதிலிருந்து அதை எடுத்தோம், ஆகவே கிழக்குச் சுவர் இவ்வாண்டு அப்படியே இருக்கும். ரசீதுகள் அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. எந்த விளக்கு எந்த லைன், எந்த பாக்ஸ் எங்கே என்ற வரைபடம் சுவிட்ச் போர்டுக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டுள்ளது. இனி வேலைக்கு வருபவரிடம் அதைக் காட்டிய பிறகே ஏணியைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.