அலமாரி வடிவமைத்த நூலகம்

மருந்து வேதியியலில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் சேர்மங்களை நொதிகள் மீதும் பாக்டீரியா மீதும் சோதித்துப் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு மாணவி தெர்மாகோல் பெட்டியில் 42 குப்பிகளோடு வந்தார். மேசைமேல் அடுக்கும்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இளமஞ்சளில் தொடங்கி ஆரஞ்சு வரை எல்லாம் ஒரே குடும்ப நிறம். எல்லாவற்றிலும் ரோடனின் என்ற கந்தகம் கொண்ட வளையம், அதில் ஒட்டிய ஒரு பென்சால்டிஹைடு. குளோரோ, மெத்தாக்சி, நைட்ரோ என்று ஆல்டிஹைடு மட்டும்தான் குப்பிக்குக் குப்பி மாறுகிறது. ஏன் குறிப்பாக இந்த 42 என்று கேட்டேன். "லேப்ல இருந்த ஆல்டிஹைடு எல்லாத்தையும் போட்டுட்டேன் சார்" என்றார்.

அவர்மேல் கோபமில்லை, உள்ளதைச் சொன்னார். அந்தச் சேர்ம நூலகத்தை, அதாவது சோதிக்கத் திரட்டிய தொகுப்பை, வடிவமைத்தது அவரும் இல்லை, அவருடைய வழிகாட்டியும் இல்லை. ரசாயன அலமாரி.

முதல் சோதனையில் பெரும்பாலானவை நொதியைத் தடுத்தன. அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கரைசலில் சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்த்து மறுபடி செய்தோம். பாதிக்கு மேல் செயலிழந்தன. மூலக்கூறுகள் திரண்டு, நொதியை வாரிச் சுருட்டிக்கொண்டதைத்தான் தடுப்பு என்று எண்ணியிருந்தோம். மிச்சத்தில் பல, நாங்கள் அளக்கும் அலைநீளத்திலேயே ஒளியை உறிஞ்சுகிற மஞ்சள்கள்.

இது புதிய செய்தி இல்லை. பேயலும் ஹாலோவேயும் 2010-இல் 'பெய்ன்ஸ்' என்று பட்டியலிட்டார்களே, எந்தச் சோதனையில் போட்டாலும் 'ஆமாம்' சொல்லும் சேர்ம வகைகளை, அதில் ரோடனின் உண்டு, கேட்டகால் உண்டு, குயினோன் உண்டு. நம்மூர் ஆய்வேடுகளின் செல்லப்பிள்ளை குர்குமினும் இதே வம்புக்குப் பேர்போனது. ரோடனின் என்றாலே குப்பை என்று சொல்லவில்லை. ஜப்பானில் நீரிழிவு நரம்புக் கோளாறுக்குத் தரும் எபால்ரெஸ்டாட் ஒரு ரோடனின்தான். ஆனால் அதை முதல் தேடலுக்கான நூலகத்தில் போடுவதும், தெரிந்தே ஒரு மருந்தாக வளர்ப்பதும் வேறு வேறு.

சரி, பெரிய நூலகம் இருந்தால் தப்பிக்கலாமா? கிளாக்சோ ஸ்மித்கிளைன் 1995 முதல் 2001 வரை புதிய ஆன்டிபயாட்டிக்குகளைத் தேடி சேர்ம நூலகத்தைச் சலித்துப் பார்க்கும் 70 பெரும் சோதனைகளை நடத்தியது. கையில் லட்சக்கணக்கான சேர்மங்கள். தேறியவை 5. நொதியைத் தடுக்கும் மூலக்கூறு கிடைத்தாலும் அது பெரும்பாலும் பாக்டீரியாவுக்குள் போவதில்லை. லிபின்ஸ்கி 1997-இல் வகுத்த விதி, வாய்வழி மருந்து குடலில் உறிஞ்சப்படுமா என்று பார்ப்பதற்கு. ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு உண்டு, அதற்கு அந்த விதி தெரியாது. பழகிய ஆன்டிபயாட்டிக்குகளே அந்த விதியின் 500 என்ற எடை வரம்பை மீறியவை: எரித்ரோமைசினின் மூலக்கூறு எடை 734, வான்கோமைசினோ 1,400-ஐத் தாண்டும். ஆனாலும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு 'லிபின்ஸ்கி விதியில் தேறியது' என்று ஓர் அட்டவணை. மூலக்கூறை நொதியில் பொருத்திக் காட்டும் கணினி 'டாக்கிங்' படங்களைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

வெளிச்சவ்வுக்குத் தெரிந்த விதி ஒன்றை 2017-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்கென்ரோதர் குழு கண்டுபிடித்தது. 180-க்கும் மேற்பட்ட சேர்மங்கள் ஈ. கோலைக்குள் எவ்வளவு சேர்கின்றன என்று அளந்தார்கள். நெரிசலில்லாத ஒரு முதனிலை அமீன் (NH2 தொகுதி), அதிகம் வளைந்து நெளியாத சட்டகம், உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையான வடிவம்: இந்த மூன்றும் இருந்தால் உள்ளே போக வாய்ப்பு அதிகம். வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவை மட்டும் கொன்றுகொண்டிருந்த டீஆக்சிநைபோமைசின் என்ற சேர்மத்தில் ஓர் அமீனைச் சேர்த்ததும் அது கிராம் நெகட்டிவ்களையும் கொன்றது.

இதற்கு உங்கள் அலமாரியே போதும். அதே ஆல்டிஹைடுகளை ரோடனினோடு இணைக்காமல், ஒரு முனையில் 'பாக்' என்ற தற்காலிகக் காப்பு போட்ட டைஅமீனோடு சேர்த்து, போரோஹைட்ரைடால் ஒடுக்கி, காப்பை எடுத்தால் முதனிலை அமீன் கைக்கு வரும். அதை வளையாத சட்டகத்தில் வைப்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரே சட்டகத்தில் 42 செய்வதற்குப் பதில் ஆறு சட்டகங்களில் இரண்டிரண்டாகச் செய்யுங்கள். ஏதாவது ஒன்று வேலை செய்தால், அதைச் சுற்றி அடுத்த முப்பதைச் செய்யலாம். அப்போது குளோரோவும் மெத்தாக்சியும் மாற்றிப் பார்ப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

அனுப்பும்போது மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் பதிவும் தூய்மை அளவும் கூடவே வரட்டும். பொடியாகவே அனுப்புங்கள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வருபவை வழியிலேயே ஈரத்தை இழுத்து, செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாத நிலையில் வந்து சேர்கின்றன.

அந்த மாணவி ஆய்வேட்டுச் சுருக்கமான சினாப்சிஸ் கொடுக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதாம். பன்னிரண்டு புதிய சேர்மங்கள் செய்ய அது போதும், சோதனைக்கு நான் முதலிடம் தருகிறேன். அவருடைய வழிகாட்டி இதைப் படிக்க நேர்ந்தால், 42 குப்பிகளையும் ஓரமாக வைத்துவிட்டு அவரை மறுபடி அடுப்பங்கரைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குப்பிகளைத் திறந்து பார்க்கும் ஒருவன்