பலாலிக்கு எவ்வளவு தூரம்?

திருச்சி

அன்புள்ள குமரன்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த பனங்கற்கண்டை அன்று ராத்திரியே பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள்.

வந்ததிலிருந்து ஒரே ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கே.கே.நகரில் நீங்கள் குடியிருந்த காலத்தில் உன் அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் கேட்பார்களே, "தம்பி, இஞ்சையிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று. யாழ்ப்பாணத்துப் பலாலி எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப தூரம்மா என்று சொல்லிவைப்பேன். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் துணியை உதறுவார்கள்.

நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். இங்கிருந்து சென்னைக்கு ரோட்டில் போனால் 330. கோடு அதிராம்பட்டினம் பக்கத்தில் கரையைத் தாண்டுகிறது. அதன்பிறகு பாக் நீரிணை, அப்புறம் உங்கள் ஊர். அம்மாவிடம் இத்தனை வருடமும் தப்பான பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

2017இல் அவர்கள் தவறிய செய்தி வந்ததும் நான் புறப்பட்ட வழி உனக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு 420 கிலோமீட்டர் பறந்தேன். அங்கிருந்து ராத்திரி பஸ் பிடித்து, தெற்கே போன தூரத்தையெல்லாம் மறுபடி வடக்கே ஏறி வந்தேன். ஆனையிறவைத் தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது. நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் பந்தல் மட்டும்தான் இருந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பலாலியை 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் சென்னை விமானம் வந்தது, சில மாதத்திலேயே கொரோனா அதை நிறுத்தியது, 2022 டிசம்பரில்தான் மறுபடி ஓடியது. திருச்சியிலிருந்து நேராக விமானம் வர 2025 மார்ச் கடைசி ஆகிவிட்டது.

போன வாரம் நான் அங்கே வந்தது ஏடிஆர் என்கிற சின்ன விமானம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்கவில்லை. வயல் முடிந்தது, சேற்று நிறத்தில் கரை வந்தது, பிறகு பச்சைத் தண்ணீர். படகுகள் அரிசி மணி போலத் தெரிந்தன. இந்தத் தூரத்தை மட்டும் பார்த்தால் அரை மணி நேரம்கூட வேண்டாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, சுற்றி இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் அட்டவணையில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வருகிறது. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தையும் திருப்ப வேண்டியதில்லை. நான் கடலைப் பார்த்து முடிப்பதற்குள் பனைகள் வந்துவிட்டன. அம்மாவை நினைத்துக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சரி, அடுத்த முறை நீ வர வேண்டும். தை பிறந்ததும் வா, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. கே.கே.நகர் வீட்டு மாடி அப்படியே இருக்கிறது, கொடிக்கம்பிகூட மாறவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், சாயந்திரம் மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். புழுக்கொடியல் மறக்காதே.

அன்புடன்,
ரவி