மித்ராவின் கவுண்ட்

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. உன் பேத்தி மித்ராவுக்குக் காலிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள், தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) கவுண்ட் 14,000, மூன்று வாரம் முன்னால்தான் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது) போட்டது என்று படித்ததும் ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சரி, எழுதியே விடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆயுசு முழுக்க லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்.

ஊசி போட்டால் தட்டணு குறையும் என்று நீ கூடவே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை முதலில் தள்ளி வை. அது கோவிஷீல்டு விவகாரம், அதாவது அஸ்ட்ராஜெனெகாவின் கொரோனா தடுப்பூசி. 2021-ல் ஆஸ்லோவில் அந்த ஊசி போட்டுக்கொண்ட ஐந்து பேர் ஏழு முதல் பத்து நாளுக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஐவருமே மருத்துவப் பணியாளர்கள். தட்டணு குறைவு, ஆனால் ரத்தம் உறைந்து கிடந்தது, பெரும்பாலும் மூளையின் சிரைகளில். மூன்று பேர் இறந்துபோனார்கள். அதே நேரத்தில் ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்டில் ஆண்ட்ரியாஸ் கிரைனாக்கர் குழு காரணத்தைப் பிடித்தது. தட்டணுக்களுக்குள் இருக்கும் பி.எஃப்.4 என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்பொருள் (ஆன்டிபாடி) தயாரிக்கிறது, அது தட்டணுக்களை உசுப்பிவிடுகிறது. கட்டி கட்டியாக உறைவதிலேயே தட்டணு செலவாகிவிடுவதால் கவுண்ட் இறங்குகிறது. பிரிட்டன் கணக்கில், 50 வயதுக்குக் கீழே முதல் டோஸ் போட்டவர்களில் சுமார் 50,000 பேருக்கு ஒருவர். அபூர்வம், ஆனால் நிஜம். 2024-ல் அந்தக் கம்பெனியே லண்டன் நீதிமன்றத்தில் இதை ஒப்புக்கொண்ட செய்திதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மித்ராவுக்கு வந்திருப்பது அது இல்லை. ஐ.டி.பி. என்று ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களை அழிக்கிற நோய். இதில் எதிர்பொருள் தட்டணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும், மண்ணீரல் அவற்றைப் பிடித்துத் தின்றுவிடும். உறையாது, கசியும். இதைக் கண்டுபிடித்த கதை கேள். 1950-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், இந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தை அரை லிட்டர் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவர் கவுண்ட் 10,000-க்கும் கீழே போனது, வலிப்பே வந்துவிட்டது. சில நாளில் தானாகத் தேறினார். கோளாறு எலும்பு மஜ்ஜையில் இல்லை, ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்றில் என்று அப்போதுதான் உறுதியானது. இன்றைக்கு எந்தக் கமிட்டியும் இதற்கு அனுமதி தராது, அது வேறு விஷயம்.

எம்.எம்.ஆருக்குப் பிறகு இப்படி வருவது சுமார் 30,000 முதல் 40,000 டோஸுக்கு ஒன்று. ஆறு வாரத்துக்குள் தலைகாட்டும். ஊசி போடாமல் ரூபெல்லாவே வந்தால் சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இதே பிரச்சினை வரும். அதனால் உன் மருமகள் மேல் பாயாதே, ஊசி போட்டது சரிதான்.

"மருந்தே தராமல் அனுப்பிவிட்டார்" என்று அந்த டாக்டரைத் திட்டியிருக்கிறாய். எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. தோலில் மட்டும் புள்ளி இருக்கிற குழந்தையை, எண் எவ்வளவு குறைந்தாலும், பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இப்போதைய முறை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாக ஏறிவிடும். வாயில், மூக்கில் நிற்காத ரத்தம், கறுப்பாக மலம், தலைவலி, வாந்தி, தலையில் அடி, இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஓட வேண்டும். அப்போது ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் எல்லாம் கைவசம் இருக்கிறது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினோ இபுப்ரொஃபெனோ கூடாது.

கமலா பப்பாளி இலைச் சாறு கொடுப்பதாக எழுதியிருக்கிறாய். டெங்கு வந்தபோது ஊரே குடித்தது, தெரியும். ஆனால் எதிர்பொருளால் அழிகிற தட்டணுவுக்கு அந்தக் கசப்பு என்ன செய்யும்? குழந்தை வாந்தி எடுத்தால் அது ஒரு புதுக் குழப்பம். நிறுத்தச் சொல்.

ஒன்று கேட்டு வை, ஸ்மியர் பார்த்தார்களா, அதாவது ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா? மெஷின் எண்ணை மட்டும் நம்பாதே. ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்தினால் சிலருடைய தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதை எண்ணத் தெரியாமல் 20,000 என்று அடித்துவிடும். ஸ்லைடின் ஓரத்தில் பார்த்தால் குவியல் குவியலாக நிற்கும். நீல மூடிக் குழாயில் எடுத்துப் பார்த்தால் இரண்டு லட்சம் இருக்கும். மித்ராவுக்குப் புள்ளிகளே இருப்பதால் அப்படி இருக்காது. ஐ.டி.பி. ஸ்மியரில் ஒன்றிரண்டுதான் கண்ணில் படும், அதுவும் கொஞ்சம் பெருத்து. இருந்தாலும் கேள்.

அடுத்த டோஸ் போடலாமா என்பதை இப்போதே முடிவு செய்யாதே. இரண்டாம் முறை வருவது அபூர்வம். தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்த்தும் டாக்டர் சொல்வார்.

இங்கே எல்லோரும் நலம். சுசீலாவுக்கு மூட்டு வலி, எனக்கு அவள் புலம்பல். தை மாதம் பெரியவன் வருகிறான், அப்போது ரெண்டு பேரும் உன்னைப் பார்க்க வருகிறோம். அடுத்த கவுண்ட் எடுத்ததும் ரிப்போர்ட்டை முழுசாக ஃபோட்டோ பிடித்து அனுப்பு, போன தடவை மாதிரி பாதியை வெட்டிவிடாதே.

அன்புடன்,
சேது